கொடிக்கயிறு யார் கையில்?

பி.காம். படிக்கிறவர்களுக்கு கம்பெனிச் சட்டம் என்றாலே ஒரு கொட்டாவி வந்துவிடும். 2013ஆம் வருஷத்துச் சட்டத்தில் பிரிவு 96 என்று ஒன்று இருக்கிறது. ஒரு கம்பெனி தன் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை எப்போது, எங்கே, எத்தனை மணிக்கு நடத்த வேண்டும் என்று சொல்கிற பகுதி. பரீட்சைக்கு முதல் நாள் உருப்போட்டு, எழுதிவிட்டு, மறுநாள் மறந்து போகிற சமாச்சாரம்தான். ஆனால் அதில் ஒரே ஒரு வரி கொஞ்சம் சுவாரசியமானது. காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நடுவில் எந்த நாளில் வேண்டுமானாலும் கூட்டம் போடலாம்... தேசிய விடுமுறை நாளில் மட்டும் போடக் கூடாது!

சரி, இப்போது திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்துக்கு வருவோம். அங்கே கதை அப்படியே தலைகீழ். கம்பெனிப் பங்குதாரர்களைக் கூட்டக் கூடாது என்கிற அதே ஆகஸ்ட் 15ஆம் தேதிதான் ஊர்க்காரர்களைக் கூட்ட வேண்டிய நாள். அதுதான் கிராமசபை.

தமிழ்நாட்டில் ரொம்ப காலம் வருஷத்துக்கு நாலு கிராமசபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. (2022லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள்.) முதல் நாலு தேதியையும் இன்னொரு தடவை பாருங்கள். தொழிற்சாலைகள் கட்டாயம் சம்பளத்தோடு லீவு விட வேண்டும் என்று தமிழ்நாட்டின் 1958ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிற அதே நாலு நாட்கள்! வேடசந்தூர் பக்கம் நூல் மில்லுக்கு வேன் ஏறிப் போகிற பிள்ளைகூட அன்றைக்கு வீட்டில் இருக்கும். ஊர்க்கணக்கைக் கேட்க எல்லாரும் வரக்கூடிய நாள் அதைவிட வேறு ஏது?

ஆனால் ஆகஸ்ட் 15 என்றதும் யாருக்கும் முதலில் கிராமசபை ஞாபகம் வராது. கொடியும் மிட்டாயும்தான்.

நிலக்கோட்டைப் பக்கம் பூ விளையும், ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி, சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை. ஊருக்கு ஊர் பிழைப்பு வேறு. ஆனால் ஆகஸ்ட் 15 காலையில் எந்த ஊருக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். முதல் நாள் சாயங்காலமே ஊராட்சி ஆபீஸ் கொடிக்கம்பத்துக்குப் பெயின்ட் அடித்து முடித்திருப்பார்கள் (சில ஊர்களில் காலையிலும் பெயின்ட் காய்ந்திருக்காது, வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஜாக்கிரதையாக நிற்பார்கள்). கம்பத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு, கோலம். பீரோவிலிருந்து எடுத்த கொடியை இஸ்திரி போட்டு, உள்ளே ரோஜா இதழும் செவ்வந்தியும் வைத்து மடித்து, கயிற்றில் முடிச்சுப் போடுவார்கள். கொடிக்குள் பூ வைக்கலாமா என்று சந்தேகம் வேண்டாம், விசேஷ நாட்களில் வைக்கலாம் என்று கொடி விதிகளே அனுமதிக்கின்றன.

இந்த முடிச்சு போடுவது ஒரு தனிக் கலை. தளர்வாகப் போட்டால் கொடி பாதி வழியிலேயே பிரிந்து பூவெல்லாம் கொட்டிவிடும். இறுக்கிப் போட்டால் உச்சிக்குப் போனபிறகும் பொட்டலமாகவே தொங்கும். கீழே நிற்கிற அத்தனை பேரும் அந்த நிமிஷம் என்ஜினியர் ஆகிவிடுவார்கள்.

"சுண்டி இழுங்க தலைவரே!"

"ஏப்பா, அங்கிட்டுக் கயித்தை இழுக்கக் கூடாது, இங்கிட்டு இழுக்கணும்!"

"மெதுவா, மெதுவா... அத்துக்கிரும்!"

கடைசியில் ஒரு சுண்டலில் முடிச்சு அவிழும். பூ தலையில் கொட்டும். கைதட்டல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சட்டையில் குண்டூசியால் குத்திய காகிதக் கொடியோடு தேசிய கீதம் பாடுவார்கள். பிறகு பேச்சுப் போட்டி, பரிசாக எவர்சில்வர் டம்ளர், கை நிறைய மிட்டாய். மிட்டாய் கைக்கு வந்த அடுத்த நிமிஷம் பாதிக் கூட்டம் காணாமல் போயிருக்கும்.

மீதிப் பாதிக்குத்தான் உண்மையான சுதந்திர தினம் அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. ஆலமரத்தடியிலோ சமுதாயக் கூடத்திலோ ஜமுக்காளம் விரிப்பார்கள். நாலு பிளாஸ்டிக் சேர், ஒரு மேஜை, மேஜை மேல் தீர்மான நோட்டு. மைக்கில் கிளார்க் (ஊராட்சி செயலர் என்பது ஆவணத்துப் பெயர், ஊருக்கு அவர் கிளார்க்தான்) கூவிக்கொண்டே இருப்பார். "கையெழுத்துப் போடாதவங்க வந்து போட்டுட்டு உக்காருங்க... கோரம் பத்தலை..."

கோரம்! வணிகவியல்காரர்களுக்குப் பழகிய வார்த்தை. ஒரு பொதுக் கம்பெனியில் ஆயிரம் பங்குதாரர்கள் வரை இருந்தால் 5 பேர் நேரில் வந்தால் போதும், கூட்டம் செல்லும். 5,000 பேர் வரை என்றால் 15 பேர். அதற்கு மேல் எத்தனை லட்சம் பேர் இருந்தாலும் 30 பேர். கிராமசபைக்கு அப்படி இல்லை. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வர வேண்டும். 3,000 ஜனத்தொகை வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேல் என்றால் 300 பேர். கோடிக்கணக்கில் புரள்கிற கம்பெனிக்கு 30 பேர் போதும், ஓவர்ஹெட் டேங்க் கழுவின கணக்குக்கு 300 பேர் வேண்டும்!

வித்தியாசம் அதோடு முடியவில்லை. கம்பெனியில் வர முடியாவிட்டால் பதிலி அனுப்பலாம். கிராமசபையில் அந்த வேலை ஆகாது, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறவர் தானே வர வேண்டும். கம்பெனியில் எத்தனை பங்கோ அத்தனை ஓட்டு. இங்கே பத்து ஏக்கர் தோட்டம் வைத்திருக்கிறவருக்கும் அந்தத் தோட்டத்தில் களை எடுக்கிறவருக்கும் ஒரே கை, ஒரே ஓட்டு. யோசித்துப் பார்த்தால் நம் நாட்டில் இதைவிடப் பெரிய பொதுக்கூட்டம் கிடையாது. நாடாளுமன்றத்தில்கூட நம் சார்பாக ஒருவர்தான் உட்காருகிறார். இங்கே நாமே உட்காரலாம்.

என்ன பேசுவார்கள்? பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. வரவு செலவைக் கிளார்க் மளமளவென்று வாசிப்பார், யாருக்கும் புரியாது. அப்போது ஒரு அப்பத்தா எழுந்து நிற்கும். "கிளார்க்குத் தம்பி, அதெல்லாம் இருக்கட்டும். காவேரித் தண்ணி மேக்கு வீதிக்கு வருது, எங்க வீதிக்கு ஏன் உப்புத் தண்ணியாவே வருது?" கூட்டம் சிரிக்கும், தம்பி தலையைச் சொறிவார். ஆனால் அது சாதாரணக் கேள்வி இல்லை. குழாய் எந்தத் தெரு வரைக்கும் போகிறது, எந்தத் தெருவில் நின்றுபோகிறது என்று கேட்டாலே, ஊரில் யார் எங்கே குடியிருக்கிறார்கள், ஏன் அங்கே குடியிருக்கிறார்கள் என்கிற கேள்வி பின்னாலேயே வந்துவிடும். அந்தக் கேள்வி தீர்மான நோட்டில் ஏறினால் அது ஆவணம். ஏறாவிட்டால் வெறும் புலம்பல்.

இந்த இடத்தில் திண்டுக்கல்லுக்கு ஒரு பெருமை உண்டு. மதுரை போகிற சாலையில் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற காந்திகிராமம் ஆரம்பித்ததே 1947ல், நாடு விடுதலை பெற்ற அதே வருஷத்தில். டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது. 1956ல் அங்கே கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது, 1976ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுத்த இடம் அது. கிராமம் தன்னைத்தானே ஆள வேண்டும் என்கிற காந்தியின் கனவை நம்பிக் கட்டிய இடம்.

ஆனால் அந்தக் கனவை எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியபோது, கிராமம் என்பது குறுகிய புத்தியும் சாதி வெறியும் ஊறிக் கிடக்கிற இடம், அதைப் போய் எதற்குப் புகழ்கிறீர்கள் என்கிற பொருளில் கடுமையாகவே கேட்டார். காந்தி சொன்னது சரியா, அம்பேத்கர் சொன்னது சரியா? இதற்கு விடை தேடி நூலகத்துக்குப் போக வேண்டாம். ஆகஸ்ட் 15 காலையில் ஒரு ஊராட்சி ஆபீஸ் வாசலில் போய் நின்று, கொடிக்கயிறு யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

கயிற்றை யார் இழுத்தால் என்ன, கொடி மேலே போனால் சரி என்று தோன்றலாம். அப்படியானால் ஒரு பழைய கதை. 1973 வரைக்கும் சென்னைக் கோட்டையில் சுதந்திர தினக் கொடியை ஏற்றியவர் கவர்னர். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் இருக்கும்போது நியமனத்தில் வந்தவர் ஏன் ஏற்ற வேண்டும் என்று கேட்டு, மத்திய அரசிடம் பேசி, 1974 ஆகஸ்ட் 15ல் கலைஞர் கருணாநிதி கோட்டையில் கொடியேற்றினார். முதலமைச்சர்களுக்கு அந்த உரிமை கிடைத்தது அப்படித்தான். அதே கொடி, அதே கம்பம், கை மட்டும்தான் வேறு. அந்த ஒரு மாற்றத்தில் ஒரு முழு அரசியல் இருந்தது.

அது கோட்டை. கிராமத்துக்கு இந்த விஷயம் வந்துசேர இன்னும் இருபது வருஷம் ஆனது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24ல் நடைமுறைக்கு வந்தது. 1994ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். 1996ல் தேர்தல். தலைவர் பதவிகளில் தலித் மக்களுக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு. காகிதத்தில் எல்லாம் ஜோர்.

நடந்தது என்ன? திண்டுக்கல்லுக்குப் பக்கத்து மாவட்டமான மதுரையில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல்... இந்த நாலு ஊர்களில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பத்து வருஷம் தலைவரே இல்லாமல் போனது. 2006ல்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. மதுரை மாவட்டம் மேலவளவிலோ 1997 ஜூன் 30ல் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒரு ஊராட்சி ஆபீஸ் நாற்காலிக்கு இத்தனை உயிர் விலை!

அதெல்லாம் அந்தக் காலம் என்று யாராவது சொன்னால், 2020ஐப் பாருங்கள். திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம். தலித் பெண், வயது அறுபதை ஒட்டி. அந்த வருஷம் ஆகஸ்ட் 15ல் தன்னைக் கொடியேற்ற விடவில்லை என்று அவர் சொன்னது பத்திரிகைகளில் வந்தது. விஷயம் பெரிதானதும், ஆகஸ்ட் 20ஆம் தேதி மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். நாட்டுக்கு ஆகஸ்ட் 15, அமிர்தம்மாவுக்கு ஆகஸ்ட் 20. அந்த ஐந்து நாள் இடைவெளியை எந்தச் சரித்திரப் புத்தகத்தில் எழுதுவது?

2022ல் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் விசாரித்தபோது, 22 தலித் தலைவர்களுக்கு ஆபீசில் உட்கார நாற்காலியே இல்லை என்று தெரியவந்தது. அதே ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். சாதிப் பாகுபாடு இல்லாமல் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று. சுதந்திரம் கிடைத்து 75 வருஷம் முடிகிற நேரத்தில், தேர்தலில் ஜெயித்த ஒருவர் கொடியேற்றுவதற்குத் தலைமைச் செயலாளர் கடிதம் போட வேண்டியிருந்தது! கடிதம் எழுதியது நல்ல காரியம்தான். எழுத வேண்டி வந்ததுதான் கஷ்டமாக இருக்கிறது.

இதுவரை சொன்னது கயிற்றைப் பிடிக்க விடாத கதை. இன்னொரு கதை இதைவிட அமைதியானது, யாரும் அதிகம் கண்டுகொள்ளாதது. கயிற்றைப் பிடிக்க ஆளே இல்லாத கதை.

2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. நடக்க வேண்டிய தேர்தலின் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான். நடுவில் தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டார்கள். 2020 ஜனவரி 6ல் புதுத் தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். அதில் பாதிப் பேர் பெண்கள், ஏனென்றால் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு வந்தபிறகு நடந்த முதல் ஊராட்சித் தேர்தல் அது. அவர்கள் காலமும் 2025 ஜனவரி 5ல் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. திண்டுக்கல் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் மறுபடி தனி அலுவலர்கள். ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243ஈ பிரிவு சொல்கிறது. அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 2017லிருந்து 2025 வரை ஒன்பது ஆகஸ்ட் 15கள் வந்தன. அதில் 2017, 2018, 2019, 2025 என்று நாலு தடவை திண்டுக்கல் மாவட்டத்து ஊராட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் கிடையாது. மீதி ஐந்தில் ஒன்று 2020. கொரோனாவால் அன்றைக்குக் கிராமசபையே கூடவில்லை. 2021 அக்டோபர் 2ல் கிராமசபை மறுபடி கூடியபோது, முதலமைச்சர் ஸ்டாலின் போய் உட்கார்ந்த ஊர் எது தெரியுமா? பத்து வருஷம் தலைவரே இல்லாமல் இருந்த அதே பாப்பாபட்டி.

இன்னொரு கணக்கு. திண்டுக்கல் மாவட்டத்தில் 306 கிராம ஊராட்சிகள், 14 ஒன்றியங்கள். தனி அலுவலர் பொறுப்பு ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. 306ஐ 14ஆல் வகுத்தால் ஒருவருக்குச் சராசரி 22 ஊர். நல்ல மனிதராகவே இருக்கட்டும், கடுமையான உழைப்பாளியாகவே இருக்கட்டும். ஒரே காலையில் 22 கம்பத்துக்குப் போக யாரால் முடியும்? அவருக்குப் பதிலாக வேறு ஒரு ஊழியர் வர வேண்டியதுதான். அவரும் ஒழுங்காகவே கொடியேற்றுவார். கிராமசபையும் நடக்கும், தீர்மானமும் எழுதப்படும்.

ஆனால் அப்பத்தா எழுந்து உப்புத் தண்ணியைப் பற்றிக் கேட்டால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் என்ன சொல்வார்? "மேலே எழுதி அனுப்புறோம்மா." அவ்வளவுதான் அவரால் சொல்ல முடியும். இதே தலைவர் உட்கார்ந்திருந்தால் கதை வேறு. தலைவரைச் சாயங்காலம் டீக்கடையில் பிடிக்கலாம். குழாயடியில் வைத்து மானத்தை வாங்கலாம். அடுத்த தேர்தலில் கவிழ்த்துவிடலாம். தனி அலுவலர் நேர்மையானவரா இல்லையா என்பது இங்கே விஷயமே இல்லை. அப்பத்தாவின் ஓட்டு அவரைத் தொடாது, அதுதான் விஷயம். பங்குதாரர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், பதில் சொல்ல வேண்டிய இயக்குநர் குழுதான் இல்லை என்றால் அந்தப் பொதுக்கூட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது?

1974ல் கோட்டையில் நியமனக் கையிலிருந்து ஓட்டு வாங்கிய கைக்குக் கயிறு மாறியதை ஒரு வெற்றியாகச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். நியாயமான பெருமைதான். 2025ல் திண்டுக்கல்லின் 306 ஊர்களில் அதே கயிறு ஓட்டு வாங்கிய கையிலிருந்து நியமனக் கைக்குத் திரும்பிப் போனது. அதற்கு யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கொடி ஏறிவிட்டதல்லவா, மிட்டாய் கிடைத்துவிட்டதல்லவா!

சாயங்காலம் கொடியை இறக்கும்போது கூட்டம் இருக்காது. டேங்க் ஆபரேட்டரும், ஸ்கூல் பையன் இரண்டு பேரும் இருப்பார்கள். ஏற்றும்போது விறுவிறுவென்றும் இறக்கும்போது மெதுவாகவும் செய்ய வேண்டும் என்பது கொடிக்கான முறை. கீழே படாமல் கையில் வாங்கி, மடித்து, மறுபடி பீரோவுக்குள் வைப்பார்கள். அதே பீரோவில்தான் தீர்மான நோட்டும் இருக்கும். காலையில் அப்பத்தா கேட்ட கேள்வி அதில் ஏறியிருந்தால், அடியில் அவர் கைநாட்டும் இருந்தால், கொடியை இறக்கிய பிறகும் அந்த ஊரில் ஆகஸ்ட் 15 கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் ஊரில் போன ஆகஸ்ட் 15க்குக் கயிறு யார் கையில் இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? இல்லை என்றால் அடுத்த தடவை மிட்டாயை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பாதீர்கள். அரை மணி நேரம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பாருங்கள். கோரத்துக்கு ஒரு ஆள் கூடின மாதிரியும் இருக்கும்.